ஒரு வாசலுக்கு எட்டு முகவரிகள்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு மாட்ட இரண்டு பேர் வந்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும் நேரத்தில் சும்மா ஒரு பேச்சுக்கு, "கூடுதலா ஒரு பப்ளிக் ஐபி வேணும்னா கிடைக்குமா?" என்று கேட்டு வைத்தேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "அது எதுக்கு அங்கிள்? இப்ப எல்லாம் கிளவுட்லா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் எட்டே எட்டு ஐபி முகவரிகளுக்காக மலாக்கா டவுனில் ஓர் ஆபீசே மூன்று நாள் சோறு தண்ணி மறந்து கிடந்ததையும், அதற்குக் காரணம் நான்தான் என்பதையும் அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

என் மனைவி "ஆரம்பிச்சிட்டாரு" என்ற முகத்தோடு உள்ளே போய்விட்டார். வந்தவர்களுக்கும் அடுத்த வீடு காத்திருந்தது. கேட்க ஆள் இல்லாததால் எழுதி வைக்கிறேன்.

நான் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்ததும் தொலைபேசி கேபிள் போடும் குத்தகைக்காரரிடம் சேர்ந்தேன். பதினைந்து வருடம் குழிக்குள் உட்கார்ந்து ஒயர் ஜோடிகளைக் கோத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிற வரிசையை ஒப்பிக்கச் சொன்னால் இன்றைக்கும் ஒப்பிப்பேன். அந்தக் குத்தகை முடிந்தபோது, தொண்ணூறுகளின் பிற்பாதியில், டவுனில் கோவிந்தராஜு என்பவருடைய கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர் முதலில் டைப்ரைட்டர் விற்றார், பிறகு ஃபேக்ஸ் விற்றார், பிறகு கம்ப்யூட்டர். கடைசியாக இன்டர்நெட்டில் வந்து நின்றார். எது வந்தாலும் முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அது என்னவென்று விசாரிக்கிற மனிதர்.

கடைவீட்டின் மாடியில் ஆபீஸ். எங்களுக்கு வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லீஸ்டு லைன். வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் சர்வரை எங்கள் மாடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அதை உலகத்தோடு சேர்த்து வைப்பது எங்கள் பொறுப்பு. அலோர் காஜாவில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலைதான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவர்களுடைய மெயில் முழுக்க எங்கள் மாடி வழியாகத்தான் போய்வந்தது.

இந்தப் பகுதிக்குத் தலைமையாக முதலாளி ஒருவரைக் கொண்டுவந்தார். பெயர் அமலா. வயது இருபத்தேழு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு. கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், நல்ல வேலையில் இருந்தவர், கடலோரத் தங்கா பத்துவில் தனியாக இருந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் கை விழுந்துவிட்டதால் விட்டுவிட்டு வந்திருந்தார். கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. மலாக்காவில் அந்த மாதிரி வேலை அந்தக் காலத்தில் எங்கள் மாடியைத் தவிர வேறெங்கும் கிடையாது. அது போனால் அவர் கேஎல்லுக்குத் திரும்பத்தான் வேண்டும். அப்பாவோ கடல் காற்றை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பெண் எனக்கு மேலதிகாரி என்பது முதலில் தொண்டையில் இறங்கவில்லை. "மேடம்" என்று கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"மேடம் வேணாம்ணே. நீங்க கூப்பிடுற மேடத்துல மரியாத இல்ல. அமலான்னே கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அமலா என்றே கூப்பிட்டேன்.

அவருடைய வேலை முறை எனக்குப் புதிது. எதையும் கம்ப்யூட்டரில் தட்டுவதற்கு முன்னால் ஒரு பெரிய மணிலா அட்டையில் பென்சிலால் எழுதுவார். எந்த மெஷின், அதில் எந்த நெட்வொர்க் கார்டு, அந்தக் கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எண், எந்த முகவரி, எல்லாம் அதில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதைச் சோதித்து, அட்டையில் ஒரு சின்ன டிக் போட்ட பிறகுதான் அடுத்தது. ஏதாவது கோளாறு தானாகச் சரியானால் நாங்கள் எல்லாம் சந்தோஷப்படுவோம். அவர் மட்டும் முகத்தைச் சுளிப்பார். "காரணம் தெரியாம சரியானது சரியானது இல்லண்ணே. அது ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு."

எங்களுக்கு லைன் கொடுத்தவர்கள் கூடுதலாக எட்டு பப்ளிக் ஐபி முகவரிகள் கொடுத்தார்கள். பத்தில் முடிவது முதல் பதினேழில் முடிவது வரை. எட்டும் ஒரே கேட்வே சர்வர் வழியாக உள்ளே வந்து எட்டு மெஷின்களுக்குப் பிரிய வேண்டும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். தபால்காரர் லயத்து வரிசைகளில் வீடு வீடாக வரமாட்டார். எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். "இது யாருக்கு?" என்றால், "எங்க ஆளுதான், குடுங்க" என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வாங்கி வைத்து, அப்புறம் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். கேட்வேயும் அப்படித்தான். வெளியே இருக்கிற ரௌட்டர், "பதினொன்று யாரிடம் இருக்கிறது?" என்று லைனில் கேட்கும். உள்ளே இருக்கிற மெஷினுக்கு அந்தக் கேள்வி காதில் விழாது. கேட்வேதான் "என்னிடம் கொடு" என்று தன் கார்டு எண்ணைச் சொல்ல வேண்டும். வாங்கியதைச் சரியான மெஷினுக்கு உள்ளே அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கடிதம் போய்ச் சேராது.

பழைய கேட்வே ஒரு கிழட்டு மெஷின். முதல் மூன்று முகவரிகள், பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஏற்கெனவே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மீதி ஐந்தையும் சேர்க்கும்போது புது மெஷினுக்கு மாறிவிடலாம் என்று அமலா முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கு கேஎல் கம்பெனிக்காரர்கள் இதே வேலையைச் செய்கிற ஒரு விலையுயர்ந்த பெட்டியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது வேணாம் சார், இந்த ஒரு சர்வரே தாங்கும், நான் பொறுப்பு," என்றார் அமலா. முதலாளியும் சரி என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாற்றினோம். பழைய மெஷினிலிருந்து ஃபைல்களை எடுக்க அதற்கு வேறொரு தற்காலிக எண் கொடுத்தார். அதன் சொந்த எண் புதுசுக்குப் போனது. உள்பக்கத்து கேபிளைப் பழசிலிருந்து கழற்றிப் புதுசில் மாட்டினேன். பிறகு ஒவ்வொரு முகவரியாகச் சோதனை. உள்ளேயிருந்து சோதித்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்; வெளியிலிருந்து பார்த்தால்தான் உண்மை. அதற்காக ஆபீஸ் மோடம் ஒன்றைத் தங்கா பத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். அவருடைய அப்பா சவரிமுத்து அங்கிள், நல்லாயிருக்கிற வலது கையால் டயல் பண்ணி உள்ளே வந்து பார்ப்பார். அந்த வீட்டில் ஒரே லைன் என்பதால், பார்த்து முடித்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எங்களுக்குப் போன் போட முடியும். "பத்து வருதும்மா," என்று ஒரு போன். கால் மணி நேரம் கழித்து, "பதினொன்னும் வருது." இப்படியே எட்டு போன். மூன்று மணிக்கு அட்டையில் எட்டு டிக்கும் விழுந்தது.

"அண்ணே, வேல முடிஞ்சிச்சு. பழசக் கழட்டி எடுத்து வெச்சிருங்க," என்று சொல்லிவிட்டு அமலா தே தாரே டீ குடிக்கக் கீழே போனார்.

நான் கழற்றினேன். ஆனால் கேபிள்காரன் கழற்றுகிற மாதிரி கழற்றினேன். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: புது ஜோடி பேசுகிறது என்பதற்காகப் பழைய ஜோடியை அன்றைக்கே வெட்டக்கூடாது. ஒரு வாரம் பக்கத்திலேயே உயிரோடு விட்டுவைக்க வேண்டும். புதுசு கவிழ்ந்தால் பழசு தாங்கும். ஒரே லைனில் இரண்டு போன் மாட்டினாலும் இரண்டும் மணியடிக்கும். ஒன்றோடு ஒன்று சண்டை போடாது. அந்த நினைப்பில் பழைய மெஷினின் திரையையும் விசைப்பலகையையும் மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியைக் கேபிள் அலமாரிக்குள் தள்ளி, வெளி லைன் வந்து சேரும் ஹப்பில் மாட்டி, சுவிட்சைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு வந்து உட்காரும்போதே அலோர் காஜாவிலிருந்து போன். மெயில் வரவில்லை. அமலா பார்த்தார், வரவில்லைதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. இருபது நிமிடம் ஓடியது. மறுபடி நின்றது. அன்று முழுக்க இதே கூத்து. பத்து, பதினொன்று, பன்னிரண்டு இந்த மூன்றும்தான் போவதும் வருவதுமாக இருந்தன. புதிதாகச் சேர்த்த ஐந்தும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. அமலா அந்த மூன்றுக்கும் எழுதியிருந்த வரிகளை அழித்துத் திரும்ப எழுதினார். கார்டை மாற்றினார். புதுக் கார்டின் எண்ணை அட்டையில் குறித்தார். மத்தியானச் சாப்பாடு பொட்டலத்திலேயே காய்ந்தது.

வியாழக்கிழமை முதலாளி மேலே வந்தார். தொழிற்சாலைக்காரர் அவரை நேராகவே பிடித்துவிட்டார் போல.

"அமலா, பொறுப்புன்னு சொன்னது நீ. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். சரியாகலன்னா கேஎல்காரங்ககிட்ட மொத்தமா குடுத்துருவேன். அப்புறம் இங்க இந்த டிபார்ட்மெண்டே தேவையில்ல."

"சரி சார்," என்றார் அமலா.

முதலாளி படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற கணேசு?" என்று கேட்டார். "பழசு நல்லாத்தானே சார் ஓடிச்சு," என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில்தான், பொய்யில்லை. ஆனால் சொல்லும்போது மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது. படித்தவர்களுக்கும் அடி சறுக்குகிறதே என்ற சந்தோஷம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். லைன் கொடுத்தவர்களின் இன்ஜினியரை அமலா போனில் பிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். முதலாளி கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அமலா கேட்டது ஒரே கேள்வி: பதினொன்று எங்கள் பக்கம் எந்தக் கார்டில் இருப்பதாக உங்கள் ரௌட்டர் நினைக்கிறது? இன்ஜினியர் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அமலா எழுதினார். புது மெஷினின் எண்ணோடு ஒப்பிட்டார். சேரவில்லை. அட்டையின் மேல் வரிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே சேர்ந்தது.

"இது பழைய மெஷினோட கார்டு. உங்க ரௌட்டர் பழச மறக்க மாட்டேங்குது," என்று அவரிடம் மலாயில் சொன்னார்.

அந்த மனிதருக்கும் பொறுமை போய்விட்டது. உங்கள் புகார் காலையில் வந்ததிலிருந்து இரண்டு தடவை அந்தப் பதிவை அழித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் உங்கள் பக்கத்திலிருந்துதான் யாரோ அதே எண்ணைத் திரும்பச் சொல்கிறார்கள் என்றார். அமலா பென்சிலைக் கீழே வைத்தார். எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "அது செத்து மூணு நாளாச்சு. செத்தது எப்படி பதில் சொல்லும்?"

அது சாகவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"போதும்மா," என்றார் முதலாளி. "நான் கேஎல்லுக்குப் போன் போடுறேன்."

நான் எழுந்து கேபிள் அலமாரிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம். ஹப்பில் பச்சை விளக்கு. இப்போது எல்லாம் புரிந்தது. ஒரே தோட்டத்தில் இரண்டு கிராணிகளை உட்கார வைத்திருக்கிறேன். பழையவருக்குத் தெரிந்த அந்த மூன்று பேருக்கு மட்டும் இரண்டு கிராணியும் "குடுங்க" என்று கையை நீட்டுகிறார்கள். பழையவர் வாங்கினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும், ஏனென்றால் அவருக்கு உள்ளே போக வழி இல்லை. அந்த கேபிளைக் கழற்றியதும் நானேதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டியில் விட்டுக்கொண்டதுகூடப் பரவாயில்லை. நான் அமலாவின் சேலையில் அல்லவா விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

கை ஒயர் மேல் இருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும். இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தானாகச் சரியானதை அமலா நம்பமாட்டார். முதலாளி அதற்கு மேல் நம்பமாட்டார். திங்கட்கிழமை திரும்ப நிற்காது என்று என்ன உறுதி என்று கேட்டு கேஎல்காரர்களைக் கூப்பிடத்தான் செய்வார். என் கை செய்த வேலைக்கு அந்தப் பெண் அப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். ஒயரிலிருந்து கையை எடுத்தேன்.

"அமலா, கொஞ்சம் இங்க வாங்க. சார், நீங்களும்."

இரண்டு பேரும் வந்தார்கள். அமலா குனிந்து, அந்த ஒயரை விரலால் தொடர்ந்து ஹப் வரைக்கும் போனார். நிமிர்ந்தார்.

"இது ஆன்ல இருக்கு."

"நான்தான் போட்டேன். செவ்வாக்கிழம. ஸ்டாண்ட்பையா இருக்கட்டும்னு."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"கேக்கணும்னு தோணல. கேபிள் வேலையில அப்படித்தான் விடுவோம்."

அவர் குரல் உயரவில்லை. "மூணு நாள்ணே. மூணு நாளா நான் என் தலையிலதான் கோளாறுன்னு தேடிக்கிட்டு இருந்தேன்." கண் கலங்கியிருந்தது. என்னை அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அப்படி வலித்ததில்லை.

நான் ஒயரைப் பிடுங்கப் போனேன். "தொடாதீங்க," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் போனார். இன்ஜினியர் இன்னும் லைனில்தான் இருந்தார். முதலில் அவரை ரௌட்டரில் இருந்த பதிவை அழித்து வாசிக்கச் சொன்னார் அமலா: பழைய எண். பிறகு என்னிடம், "இப்ப புடுங்குங்க." இன்ஜினியர் திரும்ப அழித்து வாசித்தார்: புது எண். அதோடு விடுவார் என்று நினைத்தேன். "திரும்ப மாட்டுங்கண்ணே," என்றார். மாட்டினேன். இரண்டு மெஷினும் போட்டி போட்டதில் மூன்று தடவை புதுசு முந்தியது, நாலாவது அழிப்பில் பழைய எண் வந்து நின்றது. "புடுங்குங்க." புது எண். அட்டையில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு டிக் போட்டார். கோளாறை வரவழைத்துக் காட்டி, போகவைத்தும் காட்டிவிட்டார். முதலாளிக்கு ஐபியும் தெரியாது கார்டும் தெரியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கேஎல்லுக்குப் போன் போடவில்லை.

"கணேசு, ஒன்ன என்ன செய்யிறது?" என்று என்னிடம் திரும்பினார்.

அமலாதான் பதில் சொன்னார். "அவரு வேணும் சார். அலமாரி சாவி மட்டும் இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

ஐந்து மணிக்கு அலோர் காஜாவுக்கு நானே போன் போட்டேன். மெயில் கொட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். கிளம்பும்போது அமலா என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு காலையில வீட்டுல போயி மோடத்த எடுத்துட்டு வந்துருங்க. நான் இங்க இருப்பேன்," என்றார்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கா பத்து போனேன். சவரிமுத்து அங்கிள் வாசலிலேயே நின்றிருந்தார். மோடத்தை ஒயரெல்லாம் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே பார்த்தேன். ஹாலின் நடுவில் ஒரு பெரிய பிரயாணப் பெட்டி. பக்கத்தில் மடித்து அடுக்கின துணிகள், இரண்டு மூன்று புத்தகக் கட்டுகள், கயிறு.

"வியாழக்கெழம சாயந்திரம் புள்ள எறக்கி வெச்சிச்சு," என்றார் அங்கிள். "நேத்து வந்து துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுருச்சு. பெட்டி மட்டும் இங்கியே கெடக்கு. எனக்கு இந்தக் கையால முடியல. அலமாரி மேல தூக்கி வெச்சிர்றீங்களா தம்பி?"

நாற்காலியைப் போட்டு ஏறினேன். காலிப் பெட்டிதான், ஆனால் கனத்தது. மேலே வைத்துவிட்டு இறங்கப் பார்த்தேன். "நல்லா உள்ள தள்ளுங்க, சுவத்துல முட்டற வரைக்கும்," என்றார். தள்ளினேன். இறங்கி நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அங்கிள், அமலா அந்தப் பெட்டிய எறக்கினதே என்னாலதான்."

"தெரியும் தம்பி," என்றார் சவரிமுத்து அங்கிள். "அதான் ஒங்கள தூக்கி வெக்கச் சொன்னேன்."